எரு எத்தனை நாள் மக்கியது?

குறுவைக்கு நிலம் தயாராகும் நாட்களில் வேளாண் அலுவலர் வயலுக்கு வந்தால், "ஏக்கருக்கு எத்தனை டன் தொழு உரம் போட்டீங்க?" என்று கேட்பார். பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன், ஏக்கர் கணக்கில் 5 டன். மாடுகள் குறைந்துபோன இந்தக் காலத்தில் அவ்வளவு எரு பெரும்பாலானவர்களிடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கிடைத்ததைச் சொல்வீர்கள், அவரும் குறித்துக்கொள்வார். அந்த எரு எத்தனை நாள் மக்கியது என்ற பேச்சு அநேகமாக எழுவதே இல்லை.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மக்காத எருவோடு களை விதை வரும், புழு வரும், சேற்றில் அது புளித்து நாற்றின் வேரைச் சுடும். இவை உங்களுக்குத் தெரிந்த காரணங்கள். இவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு காரணம், சாணத்திலும் கோழி எருவிலும் உள்ள ஹார்மோன்.

ஊசி போட்டு வந்ததல்ல

ஹார்மோன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கறிக்கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தி. கறிக்கோழி வேகமாக வளர்வதற்கு இனத்தேர்வும் தீவனமுமே காரணம். நான் சொல்லும் ஹார்மோன், எந்த ஊசியும் போடாத நாட்டு மாட்டின் சாணத்திலும் இருக்கும். பசு, எருமை, ஆடு, கோழி எல்லாமே தங்கள் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றில் ஒரு பகுதியைக் கழிவோடு வெளியேற்றுகின்றன. சினை முதிர முதிர, பசுவின் கழிவில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு கூடும். முட்டைக்கோழியின் எருவில் ஈஸ்ட்ரோஜன் கறிக்கோழி எருவில் இருப்பதைவிட அதிகம்.

இது மாட்டின் குற்றமும் இல்லை, வளர்ப்பவரின் குற்றமும் இல்லை. இதனால் உங்கள் நெல் மகசூல் குறையும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. வயலிலிருந்து வடிவாய்க்காலுக்கும், அங்கிருந்து குளத்துக்கும் ஆற்றுக்கும் போகும் தண்ணீரில் வாழும் மீனுக்கும் தவளைக்கும் இந்த ஹார்மோன் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்துவிடும்.

எவ்வளவு சிறிய அளவு? கனடாவில் ஓர் ஆராய்ச்சி ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் பயன்படும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. ஆண் மீன்களின் உடலில் முட்டை மஞ்சள்கருவுக்கான புரதம் உருவாகத் தொடங்கியது. அந்த ஏரியில் ஏராளமாக இருந்த ஒரு சிறு மீன் இனம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய அற்றுப்போனது. மாட்டிலிருந்தும் கோழியிலிருந்தும் வரும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் அந்த அளவு வீரியம் கொண்டதல்ல. என்றாலும், லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் இருந்தாலே ஆண் மீனில் அந்தப் புரதம் உருவாவதை ஆய்வகங்களில் காண்கிறோம்.

நானோகிராம் என்பதை நம் வயல் கணக்கில் பார்ப்போம். ஒரு கிராமில் 100 கோடி நானோகிராம். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் சுமார் 2 லட்சம் லிட்டர். ஆக, ஒரு கிராம் ஹார்மோனை சுமார் 5,000 ஏக்கரில் நிற்கும் தண்ணீரில் கலந்தால்தான் லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்ற நிலை வரும்.

குவியலுக்குள் நடக்கும் இரண்டு வேலைகள்

எருவைக் குவித்து மக்கவைக்கும்போது ஹார்மோனுக்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, நுண்ணுயிரிகள் அதை உடைக்கின்றன. காற்றும் ஈரமும் வெப்பமும் சரியாக இருந்தால் இது விறுவிறுவென்று நடக்கும். இரண்டாவது, உடையாமல் மிஞ்சுவது மக்கிய எருவின் கரும்பொருளில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கரும்பொருளைத்தான் ஹியூமஸ் என்கிறோம்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், ஈஸ்ட்ரோஜன் எண்ணெய்த் தன்மை உடையது என்பதே. அது தண்ணீரில் எளிதில் கரையாது. கரிமப் பொருளைக் கண்டால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். தரையில் கொட்டிய எண்ணெய்மேல் தவிட்டைத் தூவினால் தவிடு அதை இழுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நன்கு மக்கிய எரு அந்தத் தவிடு மாதிரி.

பச்சைச் சாணத்திலும் கரிமப் பொருள் நிறைய உண்டே, அதில் ஒட்டாதா என்று கேட்பீர்கள். ஒட்டும். ஆனால் பச்சைச் சாணத்தின் கரிமத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. சாணக் குவியலிலிருந்து மழையில் வழியும் பழுப்புத் தண்ணீர் அதுதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காய் எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போவதுபோல, இந்தக் கரையும் கரிமம் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடும். ஹார்மோனை எரு பிடித்து வைக்குமா, ஓட்டிக்கொண்டு போகுமா என்பதை முடிவு செய்வது மக்கிய பக்குவமே.

இதில் அரைகுறையும் ஆபத்து. மக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கரையும் கரிமம் அதிகமாகவே இருக்கும். அது குறைந்து, நிலையான ஹியூமஸ் சேர்வது பின் மாதங்களில்தான். ஆகவே, ஒரு மாதம் குவித்துவைத்த எருவை மக்கிய எரு என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. கோழி எருவை உலர்புல், வைக்கோல், இலைச்சருகு ஆகியவற்றோடு கலந்து, சுமார் 60 சதவீத ஈரத்தில் நீள்குவியலாகப் போட்டு 139 நாட்கள் மக்கவைத்தார்கள். தண்ணீரில் கரைந்து வரக்கூடிய ஈஸ்ட்ரடையால், ஒரு கிராம் உலர் எருவில் 83 நானோகிராமிலிருந்து 13 ஆகக் குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் 115-லிருந்து 11 ஆனது. முற்றிலும் போய்விடவில்லை, ஆனால் ஒன்று 84 சதவீதமும் மற்றொன்று 90 சதவீதமும் குறைந்துவிட்டன.

இந்த எண்களை நம் ஏக்கர் கணக்கில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் எருவை அளந்து சொல்வதல்ல, அளவு புரிவதற்காகச் செய்யும் கணக்கு. ஏக்கருக்கு 2 டன் பச்சைக் கோழி எரு இட்டு 5 செ.மீ. தண்ணீர் கட்டுகிறோம். மண்ணின் களியும் கரிமமும் பெரும்பகுதியைப் பிடித்துவைத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் தண்ணீரில் தங்கினாலும் லிட்டருக்குச் சுமார் 40 நானோகிராம் வரும். அதே 2 டன் 139 நாள் மக்கிய எருவாக இருந்தால் 6 அல்லது 7. மீனைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

சேற்றில் காற்று இல்லை

மேட்டு நிலத்தில் பச்சை எருவைப் போட்டு உழுதாலும், மண்ணில் காற்றோட்டம் இருப்பதால் நுண்ணுயிரிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ ஹார்மோனின் பெரும்பகுதியை உடைத்துவிடும். நெல் வயலில் கதை வேறு. சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டிய வயலில், மேலே சில மில்லிமீட்டர் சேற்றில்தான் காற்று இருக்கும். அதற்குக் கீழே காற்றில்லாத சேறு. காற்று இல்லாத இடத்திலும் ஈஸ்ட்ரடையால் ஈஸ்ட்ரோனாக மாறும். ஆனால் ஈஸ்ட்ரோனும் ஒரு பெண் ஹார்மோனே. அதற்குமேல் உடைவது மிகவும் மெதுவாகிவிடும். குவியலில் முடித்திருக்க வேண்டிய வேலையைச் சேற்றிடம் ஒப்படைத்தால் அது இழுத்துக்கொண்டே போகும்.

அதற்குள் மழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா, தாளடி வயல்களில் நாம் படும் பாடெல்லாம் தண்ணீரை வடிப்பதுதானே! மடையை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிவாய்க்காலுக்குப் போகும். வழியில் ஊர்க் குளங்கள், கெண்டையும் விராலும் குரவையும் வாழும் ஓடைகள். கோரையாறு, பாமணியாறு வழியே போகும் வெள்ளம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் கழிமுகத்தில் சேர்கிறது. பல கரையோரக் கிராமங்களின் மீனும் இறாலும் நண்டும் அந்த நீரில்தான் வளர்கின்றன. மேல்மடை வயலில் போடும் எருவுக்கும் கடைமடை மீனவரின் வலைக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை.

காவிரியில் ஏற்கெனவே இருக்கும் சுமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் வலி மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, நுண்ணுயிர்க் கொல்லி மருந்து ஆகியவற்றின் எச்சங்கள் காவிரி நீரில் இருப்பது தெரியவந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் பிஸ்பினால்-ஏ முதலான, ஹார்மோன்போல நடிக்கும் வேதிப்பொருள்களை அளந்திருக்கிறார்கள். அவை நகரச் சாக்கடையிலும் ஆலைக் கழிவிலும் பிளாஸ்டிக்கிலும் இருந்து வருபவை. அந்தக் கணக்கில் உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். கரையோர நகரங்கள் சுத்திகரிக்காத சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலத்தைக் காக்கப் போராடி, 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குத் தனிச் சட்டம் பெற்ற பகுதி இது. வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுக்க அவ்வளவு பாடுபட்ட நாம், நம் கொல்லையிலிருந்தே கிளம்பும் ஒன்றைக் கவனிக்காமல் விடலாமா? நகரச் சாக்கடையைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணமும் ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். எருவைச் சரிசெய்ய வேண்டியது நாள் கணக்கும் மண்வெட்டியும்தான்.

தை மாதக் குவியல்

டெல்டாவின் பயிர்க் காலண்டர் இதற்கு வாகாகவே அமைந்திருக்கிறது. தையில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் மேட்டூர் திறப்பது ஜூன் 12. ஜனவரி 24 அன்று குவியல் போட்டால் ஜூன் 12 அன்று சரியாக 139 நாள். நடுவே மாசி முதல் வைகாசி வரை நல்ல வெயில். மழைத் தொல்லை குறைவு. சம்பாவுக்கு எரு வேண்டுபவர்கள் சித்திரையில் குவித்தாலும் ஆவணி, புரட்டாசிக்குத் தயாராகிவிடும்.

நம் பகுதியில் குழி வேண்டாம், குவியல் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள எருக்குழி மழையில் நிரம்பிக் கறுப்புக் குழம்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மக்குவதில்லை, காற்றில்லாமல் ஊறுகிறது, அவ்வளவுதான். ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றி, நம் நாட்டு உழவர் முறைகளிலிருந்தும் கற்று வகுத்த இந்தூர் முறையின் உயிர்நாடி, புரட்டிப் போட்டுக் காற்று கொடுப்பதே. மேடான இடத்தில் 5 அடி அகலம், 4 அடி உயரம், நீளம் உங்கள் வசதிக்கு ஏற்ப. மேலே தென்னங்கீற்று மூடாக்கு. சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்தால் சாறு வெளியே ஓடாது.

மாட்டுச் சாணத்துக்குக் கொட்டிலில் கூட்டிய வைக்கோல் கழிவே பெரும்பாலும் போதும். கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். தனியாகக் குவித்தால் அம்மோனியாவாகப் பறந்துபோகும். உலர் எடையில் ஒரு பங்கு கோழி எருவுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் விற்கும் விலையில் அது கட்டுப்படியாகாது என்பவர்கள், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க் கழிவைக் கலக்கலாம்.

கையால் இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. அதுதான் ஈரத்தின் அளவு. ஒரு வாரத்தில் குவியலின் நடுவில் கடப்பாரையைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். முனையைக் கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. முதல் இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை புரட்டுங்கள். புரட்டிய பிறகும் சூடு ஏறாமல், சாண வாடை போய் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் மக்கிவிட்டது. சந்தேகம் இருந்தால் எருவை ஊறவைத்து வடிகட்டிய நீரில் பத்துப் பாசிப்பயறை முளைகட்டிப் பாருங்கள். எட்டாவது ஒழுங்காக முளைக்காவிட்டால் எரு இன்னும் தயாராகவில்லை. இது ஹார்மோனை அளக்கும் சோதனை அல்ல. மக்கிய பக்குவத்தைச் சொல்லும் சோதனை.

சாண எரிவாயுக் கலனில் இருந்து வரும் கரைசல் ஏற்கெனவே மக்கியதுதானே என்று சிலர் நேராக வயலுக்கு விடுகிறார்கள். அது காற்றில்லாமல் புளித்தது. அதில் ஹார்மோன் கணிசமாக மிஞ்சியிருக்கும். அதையும் வைக்கோலோடு குவியலில் ஊற்றி மக்கவிடுவதே நல்லது.

ஆட்டுக் கிடை போடுபவர்கள் பயப்பட வேண்டாம். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கீதாரிகளின் ஆடுகள் கிடை கிடக்கும்போது, புழுக்கை மெல்லிய அடுக்காகக் காய்ந்த நிலத்தில் விழுகிறது. கோடை உழவில் மண்ணோடு கலந்து, தண்ணீர் வருவதற்குள் பல வாரம் வெயிலும் காற்றும் படுகிறது. கிடை எழுப்பிய மறுவாரமே தண்ணீர் கட்டுவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

செலவு யாருடையது?

"பச்சைக் கோழி எரு போட்டால் பயிர் ஒரே வாரத்தில் கருகருவென்று பச்சை கட்டுகிறது, மக்கவைத்தால் அந்த வீரியம் போய்விடுகிறது" என்ற வாதத்தில் உண்மை உண்டு. மக்கும்போது தழைச்சத்தில் ஒரு பகுதி குறையும். வைக்கோல் கலப்பதும் மேலே மண்தூவி மூடுவதும் இழப்பைக் குறைக்கும். விரைவாகப் பச்சை கட்டுவதற்கு யூரியா இருக்கிறது. தக்கைப்பூண்டு மடக்கி உழவும் செய்யலாம். எருவிடம் நாம் கேட்க வேண்டியது, மண்ணுக்கு ஹியூமஸ்.

ஆள் கூலி என்பதும் நியாயமான கவலை. நான்கு மாதத்தில் ஆறு முறை புரட்ட ஒரு தனி உழவரால் முடியாது. ஆனால் ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மேட்டில் குவியல் போட்டால், டிராக்டர் முன்வாளி அரை நாளில் புரட்டிவிடும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதை ஒரு தொழிலாகவே எடுத்துச் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கரிம உரங்களுக்கு ஈரப்பதம், கரிமம், கன உலோகம் ஆகியவற்றுக்கு வரம்புகள் இருக்கின்றன. ஆனால் லாரியில் வந்து வயல் ஓரத்தில் கொட்டப்படும் பச்சைக் கோழி எருவோடு, அது எந்தத் தேதியில் குவிக்கப்பட்டது என்று சொல்லும் ஒரு சீட்டு வருவதில்லை. பண்ணையிலேயே மக்கவைத்து, குவித்த தேதியோடு விற்க வேண்டும் என்று விதி வந்தால், மக்கவைக்கும் செலவு சிறு உழவர் தலையில் விழாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சை காட்டுத்தோட்டம் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பச்சை எரு இட்ட வயலையும் மக்கிய எரு இட்ட வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வடியும் தண்ணீரை அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். கழிமுகத்து மீனை அளக்கும் பொறுப்பை மீன்வளத் துறை ஏற்க வேண்டும்.

ஹியூமஸில் ஒட்டிய ஹார்மோன் அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணின் நுண்ணுயிரிகள் மெல்ல மெல்ல உடைக்கும்வரை அது வயலிலேயே இருக்க வேண்டும். வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனால் அதுவும் கூடவே போகும். எனவே மக்கிய எருவை இட்ட வயலில் வரப்பு உறுதியாக இருக்கட்டும். கலங்கிய சேற்று நீரை உடனே வடிக்காமல், தெளிந்த பிறகு மடையைத் திறங்கள். எரு இட்டு உழுத முதல் வாரத்தில் வடிப்பதைக் கூடுமானவரை தவிருங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் தையில் உங்கள் வட்டாரத்தில் பத்து ஊர்களில் ஊருக்கு ஒரு குவியலாவது போடச் செய்யுங்கள். குவியலின் தலைமாட்டில் ஒரு குச்சி நட்டு, குவித்த தேதியை ஒரு தகரத்தில் எழுதிக் கட்டுங்கள். ஆனியில் எரு கேட்டு வருபவர் அந்தத் தேதியைப் படித்து நாளை எண்ணிக்கொள்ளட்டும்.